மேகத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி

பிப்ரவரி 9

எழுத்து ஏறி இறங்கிக் கிடக்கிறது. பின்னால் இதைப் படிக்கப்போகும் நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதைத் தாண்டி எழுதப் பழகிய கை. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன சுகம்.

காலையில் மகள் வானாய்வுக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வானத்தின் ஒரே பகுதியை விட்டு விட்டு எடுத்த படங்கள். மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கின்றன, ஒரு புள்ளி மட்டும் நகர்கிறது. சிறுகோளாம். இதுவரை யாரும் பார்க்காததாம்.

"தூசியா இருக்கப்போவுது, தொடச்சுப் பாரும்மா" என்றேன் விளையாட்டாக.

அவள் முகம் சுண்டிப்போனது. ஏன்?

பிப்ரவரி 10

மருமகன் சொல்லித்தான் தெரிந்தது. போன வருஷம் இப்படித்தான் ஒன்றைக் கண்டதாக எல்லோருக்கும் அறிவித்தாளாம். கடைசியில் அது கேமராவில் இருந்த தூசி. வானாய்வுக்கூடத்தில் இன்றுவரை அவளுக்கு 'தூசி மேடம்' என்றுதான் பேர்.

"உங்க வாயிலயா மாமா அது வரணும்?" என்றார்.

இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேனா நான்.

பிப்ரவரி 11

மேகம்.

பிப்ரவரி 12

இன்றும் மேகம். மறுபடி பார்த்தால்தான் உறுதியாகுமாம்.

"வானத்துல இருக்கறது எங்கம்மா போயிடப்போவுது?"

"போயிக்கிட்டேதான்ப்பா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா எங்க தேடறதுன்னே தெரியாது."

சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தேன்.

"நீங்க எட்டிப் பாத்தா மேகம் வெக்கப்பட்டு ஓடிடுமாப்பா?"

சிரித்துவிட்டாள். அப்பாடா.

பிப்ரவரி 13

விடிந்தும் மேகம்தான். ஆனால் மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புள்ளி இருந்த இடத்தை அன்றே அவள் ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லியிருந்தாளாம். கடல் தாண்டி ஒருவர், பகலில் பல் டாக்டர், மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர், அது இப்போது எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேடிப் பிடித்துவிட்டார். வேறு தேசம், வேறு கேமரா, அதே புள்ளி. முதலில் கண்டவள் என்று இவள் பேர்தான் பதிவாகுமாம்.

"அவரு உனக்கு யாரும்மா?"

"யாருமில்லப்பா. அவங்க பக்கம் மேகமா இருந்தா நாங்க பாப்போம்."

"அப்போ அது..." மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

"தூசி இல்லப்பா" என்றாள் அவளே.

சொல்லிவிட்டு என் இடது தோளில் சாய்ந்தாள். தூங்கியும் போனாள். வலது கை போதும் எழுத.

அடுத்த வாரத்துக்குள் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அவளிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இப்போது எழுப்ப மாட்டேன்.