நகரிக்குத் திரும்பிய கண்ணாடி ஜாடி

அண்ணி,

நேற்று மாலை என் கடைசி மகள் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்து, வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அதிலிருந்து கிளம்பிய மருந்து நெடி கூடமெல்லாம் பரவியது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். "என்னம்மா?" என்றாள். கோட்டை எடுத்துப்போய்க் கொல்லைக் கொடியில் போட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

அன்று உங்களைத் திருப்பதிக்கு வரச் சொன்னது நான்தான். ஆசிரியைப் பயிற்சிக்காக அங்கே விடுதியில் இருந்தேன். சித்தூர் ஆஸ்பத்திரியில் உங்கள் முதல் குழந்தை இறந்தே பிறந்து சில வருடங்கள் ஆகியும், நீங்கள் தறியை விட்டு எழுந்து வெளியே வருவது அபூர்வமாகவே இருந்தது. மலைக்குப் போய்விட்டு இறங்கியதும், ஒரு கல்லூரியில் பொருட்காட்சிக் கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று கூட்டிப்போனேன். இரண்டு தலைக் கன்றுக்குட்டி, வைக்கோல் அடைத்த முதலை, நரியின் எலும்புக்கூடு. நீங்கள் கொஞ்சம் சிரித்தீர்கள்கூட.

கடைசி அலமாரியில் மருந்துத் தண்ணீர் நிரம்பிய ஜாடிகள் இருந்தன, நேற்று வந்த அதே நெடியோடு. ஒன்றின் முன்னால் நின்றுவிட்டீர்கள். உள்ளே ஒரு பெண்சிசு. இரண்டு கால்களும் ஒட்டி ஒன்றாகிக் கீழே குறுகியிருந்தன. கை நகங்கள்கூடத் தெரிந்தன.

"இது எம் பொண்ணு" என்றீர்கள். குரல் உயரவில்லை.

"இந்த மாதிரி எங்கெங்கயோ பொறக்கும், அண்ணி. வாங்க, போலாம்."

"வலது காதப் பாரு. மேல மடங்கிக்கினு இருக்குது, உங்க அண்ணனுக்கு மாதிரியே. ஒரு தபாதான் காட்னாங்க. கீழ பாக்க பயந்துகினு காதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

கூடத்துக்குப் பொறுப்பாயிருந்த பேராசிரியர் வந்தார். தமிழ் தெரிந்தவர். ஜாடியைக் கொடுக்கச் சொல்லி நீங்கள் கேட்டதும் சங்கடப்பட்டார். ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து அந்த அலமாரி யாருக்குச் சொந்தம் என்று இழுபறியாம். சித்தூர் போன்ற ஊர்களின் ஆஸ்பத்திரிகளிலிருந்து மதராசுக்குப் போய், அங்கிருந்து இரவலாக வந்த சாமான்களை மதராசில் திரும்பக் கேட்கிறார்களாம். "கட்டி அனுப்பப் போறோம்மா. உங்க பிள்ளைதான்னு நான் எப்படி நம்பறது? தகப்பன் வந்து சொல்லட்டும்" என்றார்.

உங்களோடு நானும் நம் ஊர் நகரிக்கு வந்தேன். அண்ணன் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்காரங்களே பொதச்சிட்டாங்க. எதையோ பாத்துட்டு வந்து பேசாத. ஊர்ல நாலு பேரு சிரிப்பாங்க."

நீங்கள் சண்டை போடவில்லை. தறியில் உட்காரவில்லை, சாப்பிடவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தீர்கள். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று, "அதுலதான் ஏத்தியிருப்பாங்களா?" என்று என்னைக் கேட்டீர்கள். மதராசு போகிற ரயிலெல்லாம் நம் ஊர் வழியாகத்தானே போகும். அண்ணன் ஒருநாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். அப்புறம் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

ஜாடிகள் இன்னும் அங்கேயே இருந்தன. அண்ணன் அதன் முன்னால் நின்றார். அவரை அறியாமல் கை காதுக்குப் போனது. பேராசிரியர் ஜாடியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தானே ஜாடியை இறக்கித் துண்டில் சுற்றி நம் கூடையில் வைத்தார். "தீஸ்கெள்ளண்டி" என்றார். எடுத்துப் போங்கள் என்று.

அப்போது ஆந்திராவுக்கும் மதராசுக்கும் எல்லைச் சண்டை சூடாக இருந்த நேரம். புத்தூரில் கொடிகளோடு நாலைந்து இளைஞர்கள் நம் பெட்டியில் ஏறினார்கள். நகரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரே கூச்சல். ஒருவன் நம்மிடம் வந்தான்.

"எந்த ஊரு நீங்க? தமிழா, தெலுங்கா? கூடையில இன்னா?"

கூடையின் மேல் கையும் வைத்துவிட்டான். அண்ணன் தலைகுனிந்தார். நீங்கள் அவன் முகத்தை நேராகப் பார்த்தீர்கள்.

"எம் பொண்ணு. செத்துப் பொறந்துச்சு. இப்பத்தான் கெடச்சிது. ஊட்டுக்கு எடுத்துக்கினு போறோம்."

சூடுபட்டவன்போல் கையை எடுத்தான். கொடியைச் சுருட்டிக் காலடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். நகரியில் இறங்கும்போது அவன்தான் கூடையைத் தாங்கிப் பிடித்து இறக்கிவிட்டான்.

ஆற்றங்கரையில் அண்ணன் குழி தோண்டினார். உங்கள் தறியில் அறுத்த புதுத்துணியில் அவளைச் சுற்றினீர்கள். அழுதது அண்ணன்தான். திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அந்த அலமாரில இன்னும் நாலு ஜாடி இருந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

"அதுங்க அம்மாளுங்களுக்குத் தெரியுமா?"

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. உங்களுக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். நல்லபடியாகவே வாழ்ந்து போய்ச் சேர்ந்தீர்கள். அந்தக் கேள்வியை மறுபடி நீங்கள் கேட்கவே இல்லை. என்னிடம் அது தங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்த ஊர்க் காட்சிசாலைக்குப் போனாலும், அவர்கள் முகம் சுளித்து ஓடிவிடும் அந்த அலமாரியின் முன்னால் என் கால் நின்றுவிடும். யாராவது ஒருத்தி உள்ளே வந்து, "இது எம் பொண்ணு" என்று சொல்லிவிட மாட்டாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.