அப்பா பேரில் ஒரு கார்

பங்குனி 20, வியாழன் இரவு

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். யாரும் இதைப் பார்த்துவிடக் கூடாது.

இன்று வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர் எங்கள் தொகுதி வேட்பாளரின் சொத்துக் கணக்கைப் போனில் பார்த்துப் படித்தார். "நானும் உங்கள மாதிரி நடுத்தரக் குடும்பம்தான்" என்று மைக்கில் சொல்வாரே, அவர். அப்பா அவருக்குத்தான் டிரைவர்.

"சொந்த வாகனம் இல்லை" என்று டீச்சர் படித்ததும் கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப உங்கப்பா இன்னா, மாட்டு வண்டியா ஓட்டிக்கினு கீறாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்தக் காரு எங்கப்பா பேர்ல கீது" என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றது. "உக்காரும்மா, இத வெளிய பேசாத" என்றார் டீச்சர். ஆனால் கலாவின் சித்தப்பா எதிர்க்கட்சிக்காரர்.

கார் இருக்கும் வீட்டுக்குக் கிடையாது என்று ஏற்கெனவே அம்மாவின் உதவித்தொகை மனுவைத் தள்ளிவிட்டார்கள். தெருவில் அம்மாவுக்குக் 'கார்க்காரம்மா' என்று பெயர்.

சாயங்காலம் அப்பா வாசலில் காரைக் கழுவினார். வகுப்பில் நடந்தது எதுவும் அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லத்தான் போனேன். வாயில் வேறு ஏதோ வந்தது.

"அப்பா, ஒரே ஒரு தடவ ஏறி உக்காந்துக்கட்டுமா?"

"வேணாம் கண்ணு, கால் மண்ணு ஒட்டிக்கும். நம்ம வண்டியா அது?"

நாளைக்கு யாராவது வந்து கேட்டால் அப்பா என்ன சொல்வார்? வேலை போய்விடுமா, அப்பாவையே கூட்டிப் போய்விடுவார்களா?

காரை யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவதற்குள் ஒருமுறை திருமுக்கூடல் வரை போய்வர வேண்டும். அப்பா ஓட்டட்டும். அம்மா பின்னால் சாய்ந்து தூங்கட்டும். நான் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, பாலாற்றுக் காற்று முகத்தில் அடிக்கிற வரைக்கும்…