லைட் அடித்தால் என்ன அர்த்தம்

இன்று காலை புதுவாயல் கூட்ரோட்டில் பைக்கோடு நின்றிருந்தேன். இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று தூரத்திலேயே லைட் அடித்துக்கொண்டு வந்தது. நான் வருகிறேன், ஓரமாக நில் என்று அர்த்தம். நின்றேன். புழுதியைக் கிளப்பிவிட்டு அது போன பிறகும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்து, "இன்னா பெர்சு, தூக்கமா?" என்றான். உன் ஞாபகம் வந்துவிட்டது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்ததில் நினைக்க எவ்வளவோ இருக்க, திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பது அந்த நியூசிலாந்துப் பாலம்தான்.

திருவள்ளூரில் இருந்து பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸைத்தான் வேலைக்காலம் முழுக்க ஓட்டினேன். ஊரே என் வண்டியில் ஏறியது, நீ ஏறியதில்லை. வீட்டு ஆளைக் கம்பெனி வண்டியில் ஏற்றக்கூடாது. திருப்பாச்சூரில் உன் அம்மா வீட்டுக்குக்கூட ஷேர் ஆட்டோவில்தான் போனாய். "ஊருக்கெல்லாம் டிரைவரு, பொண்டாட்டிக்கு மட்டும் ஆட்டோ" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். அதனால்தான் மகளைப் பார்க்க நியூசிலாந்து போனபோது, ரெண்டு நாளைக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டுவேன் என்று அடம்பிடித்தேன். மருமகன் தயங்கினார். "நம்மூராட்டம் லெஃப்ட்லதான போறாங்க? இதுல இன்னா கீது மாப்ள?" என்று அவர் வாயை அடைத்தேன்.

பட்டுப்புடவைக்கு மேல் மகளின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நீ முன் சீட்டில் ஏறினாய். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். "இன்னாங்க, கட்டிப் போட்டுட்டீங்க" என்று கூச்சத்தோடு சிரித்தாய். கல்யாணமான புதிதில்கூட நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேட்டில் மேயும் செம்மறிகளைக் காட்டி, "பஞ்சு மூட்டையாட்டம் கீதுங்க" என்றாய். அது உன் நாள். கெடுக்க நான் ஒருவன் போதாதா?

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகல் பாலம். யார் முதலில் போக வேண்டும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், நான் எங்கே அதைப் பார்த்தேன்? எதிர்க்கரையில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றிருந்தது. பழக்கதோஷம், லைட் அடித்துக்கொண்டே பாலத்தில் ஏறினேன். அது நிற்காமல் நேரே வந்தது. நடுப்பாலத்தில் மூக்கோடு மூக்கு முட்டாத குறை. தலையை வெளியே நீட்டி, "லைட் அடிச்சேன் இல்ல? கண்ணு இன்னா பின்னாடியா கீது?" என்று கத்தினேன். உள்ளே இருந்தது ஒரு வயதான அம்மா. தமிழ் புரியாவிட்டால் என்ன, குரல் புரியுமே. முகம் சிவந்து, "சாரி, சாரி" என்றபடி, திரும்பாத கழுத்தைத் திருப்பித் திருப்பி ரிவர்ஸ் எடுத்தார். அவர் பின்வாங்க வாங்க நான் விடாமல் ஒட்டிக்கொண்டே போனேன். "பாத்தியா, தப்பு அது மேல. அதான் சாரி கேக்குது" என்று உன்னிடம் பெருமை வேறு. நீ அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் வீட்டில் இதைப் பெரிய வீரமாகச் சொன்னேன். மருமகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ மாமா, இங்க லைட் அடிச்சா, நான் நிக்கிறேன் நீங்க வாங்கன்னு அர்த்தம்."

நானும் சிரித்து வைத்தேன். நீ மட்டும் தட்டில் வைத்த கையை எடுக்காமல் சொன்னாய். "அதான் அந்தம்மா வர்றப்பவே கைய தூக்கி சிரிச்சிகினே வந்துச்சா? நான் பாத்தேன். நீங்க ஏதோ நல்லது செஞ்சிட்டீங்கன்னு வந்துகீது."

நான் மிரட்டிக்கொண்டு வருகிறேன், அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் நீ பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாய். "முன்னாடி வாயேன்" என்றேன். "பரவால்ல, இங்கயே காத்து நல்லா வருது." உன் குரலில் கோபம்கூட இல்லை. ஷிப்ட் ஆளை ஏற்றிப் போவதுபோல உன்னை ஏற்றிப் போனேன்.

வேண்டுமென்றே அந்தப் பாலத்துக்கே வண்டியை விட்டேன். இந்த முறை தூரத்திலேயே நிறுத்தி, லைட் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். எதிரே வந்த காரை ஓட்டிய வாலிபன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். அவனையா பார்த்தேன்? கண்ணாடியில் உன் முகத்தைத்தான் பார்த்தேன். "பாத்தியா?" என்று கேட்கவும் செய்தேன், வெட்கமில்லாமல்.

"பாத்தேன்" என்றாய். "ஆனா இது அந்தம்மா இல்லியே."

அதோடு சரி, அப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊருக்கு வந்தோம், எப்போதும்போலக் குழம்பு வைத்தாய், சண்டை போட்டாய், சிரித்தாய். அந்த அம்மாவைத்தான் தேடிப் போக முடியாது. வீட்டிலேயே இருந்த உன்னிடமாவது, உன் நாளைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாலத்தில் அவ்வளவு வேகமாகப் புரண்ட நாக்கு அதற்குப் புரளவில்லை. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் புரளவில்லை.

இப்போதெல்லாம் எல்லோருக்கும் வழி விடுகிறேன். நம்மூரில் லைட் அடித்துவிட்டு நின்றால் எதிரே வருகிறவனும் நின்றுவிடுகிறான், அதனால் கையைக் காட்டிக் கூப்பிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். எதுவும் நீ இல்லை.