செல்வராணிக்குத் தாலி வேண்டாம்

இன்று காலை நான் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோர் முகவரிக்கு எனக்கொரு பார்சல் வந்தது. அனுப்பியவள் பெயர் நிவேதா, ஊர் கோயமுத்தூர். அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து வருவதை உடனே பிரிக்கிற வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். குலுக்கிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்தேன். உள்ளே சட்டம் போட்ட ஒரு படம், மை வாடை இன்னும் போகவில்லை. போடிமெட்டு வளைவில் ஒரு ஜீப்பு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உன் கதையில் வரும் செல்வராணி. நீ எழுதியபடியே காதுக்குப் பின்னால் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். பக்கத்தில் அதே கதையின் எஸ்டேட் சூப்பர்வைசர் ஜோமோன், அவள் தோளில் கைபோட்டு. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு.

உன் கழுத்துக்கு வந்த கயிறு திரும்பவும் வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது.

கூடவே ஒரு கடிதமும் இருந்தது. நீ போய் அடுத்த மாதம் ஒரு வருஷம் ஆகிறதாம். உன் வாசகர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். ஆன்லைனில் நீ பாதியில் விட்ட தொடரை அவர்களே எழுதி, செல்வராணிக்கும் ஜோமோனுக்கும் கல்யாணம் முடித்து, உன் நினைவு நாளில் உன் பக்கத்திலேயே வெளியிடப் போகிறார்களாம். அதற்கு உன் பாஸ்வேர்டு வேண்டும். அது என்னிடம் இருப்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. சும்மா ஒருத்தர் படம் வரைந்து, சட்டம் போட்டு, கூரியர் செலவும் செய்து அனுப்பும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ அந்தக் கதையை எழுதிய அழகை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் எஸ்டேட் ஆபீசுக்குப் போகிற ஜீப்பில், லோடு மாதிரி அடைத்திருக்கும் ஆட்களுக்கு நடுவே, பேசினால் எழுதிக்கொள்கிற போனில் பேசிப் பேசியே அத்தியாயத்தை முடித்துவிடுவாய். ஏலக்காய் தரம் பார்க்க நான் மேலே வருகிற நாட்களில் உன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்பேன். காய் பறிக்க வரும் பேச்சியம்மா உன் முதல் விமர்சகர். அந்த ஜோமோன் சேட்டன் செல்வராணியை எப்பொழுது கட்டுவார் என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"கட்டமாட்டாருத்தா. அவுக ரெண்டு பேரும் கூட்டாளிக" என்றாய்.

"சரி, இப்பக் கூட்டாளி. பெறகு கட்டுவாருல்ல?"

ஜீப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் அடுத்த வளைவு வரைக்கும் போனை எடுக்கவில்லை.

உன்னைப் பற்றி நீ என்னிடம் சொன்னது குரங்கணியில், ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பஸ்சுக்கு நின்றபோது. "எனக்கு ஆம்பளை மேலயும் ஆசை வரல, பொம்பளை மேலயும் வரல. காதல்னு நீங்க எல்லாம் சொல்றதும் வந்ததே இல்ல. நெட்டுல இதுக்குப் பேரே இருக்குடி" என்றுவிட்டு இரண்டு வார்த்தைகளைச் சொன்னாய். ஏசெக்சுவல், ஏரோமாண்டிக். உடம்பு ஆசை வராதது ஒன்று, காதல் வராதது இன்னொன்று, உனக்கு இரண்டுமே என்று விளக்கினாய். நான் உடனே நம்பிவிடவில்லை. சாயம் போட்ட காய் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதே என் பிழைப்பு, உன்னை மட்டும் விட்டுவிடுவேனா? ஜீப்பு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எஸ்டேட் ஆபீசில் யார் யார் என்று விசாரித்தேன். நீ போனைப் பார்த்துச் சிரித்தால் எட்டிப் பார்த்தேன், அதில் எப்போதும் பூனைதான் இருந்தது. தீர விசாரித்துத்தான் நம்பினேன். "சந்தேகப் பிராணி" என்று திட்டினாய். அப்புறம், முழுசாக நம்பிய முதல் ஆளும் நான்தான் என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

கதைகளில் உன்னைப் போன்றவர்கள் வந்தால் உனக்கு முதலில் சந்தோஷம் வரும், பின்னாலேயே கோபம் வரும். "ஒன்னு எங்கள மெஷினு மாதிரி எழுதுறாங்க, இல்ல சாமியார் ஆக்குறாங்க. ரெண்டும் இல்லைன்னா கடைசி அத்தியாயத்துல ஒருத்தன் வந்து கொணப்படுத்திட்டுப் போயிர்றான்" என்பாய். அதனால்தான் வாய் நிறையப் பேசுகிற, வயிறு நிறையச் சாப்பிடுகிற, கூட்டாளிக்காக உயிரை விடுகிற செல்வராணியை எழுதினாய். வாசகர்கள் விட்டார்களா? ஜோமோனோடு அவளை ஜோடி சேர்த்து, இரண்டு பெயரையும் ஒட்டி ஒரு பெயர் வைத்தார்கள். பாட்டுப் போட்டு வீடியோ செய்தார்கள். பழைய காதலில் அடிபட்டிருப்பாள் என்று ஒருவர், சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும் என்று இன்னொருவர். துப்பறிவதில் என்னையே மிஞ்சிவிட்டார்கள். "அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவள் இப்படித்தான்" என்று நீ அலுக்காமல் பதில் போட்டாய். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

போன வருஷ மழையில் காய்ச்சல் என்று உன்னைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நடந்து போனவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்திருந்த சொந்தமெல்லாம் உன் வாசகர்கள் செய்ததையே செய்தது. எவனையோ மனதில் வைத்திருந்தாள், பாவம் என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அவன் யார் என்று இன்னொருத்தி என் காதிலேயே கேட்டாள். உன் பெரியப்பா ராசிங்காபுரம் தோட்டத்திலிருந்து ஒரு வாழைக் கன்றை வெட்டிக்கொண்டு வந்து இறக்கினார். கன்னியாக அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாதாம். கன்றை மாப்பிள்ளையாக நிறுத்தி, உன் கழுத்தில் கயிறு கட்டி, கன்றை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம்.

நான் உன் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன். பத்து வருஷமாக உன் சாதகத்தோடு ஊர் ஊராக அலைந்தவராயிற்றே. அவர் எழுந்து வந்தபோது கயிற்றைக் கட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, குறுக்கே போய் நின்றேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டுப் போய், பெரியப்பா கையிலிருந்த கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உசுரோட இருக்கையில வேண்டாம்னு சொன்னா. இப்ப வாயில்லைன்னு கட்டிப்புடுவீகளா? எம்பிள்ளைய எடுங்க."

காரியம் முடிந்த பிறகு, நீ ஏதாவது சொல்லியிருந்தாயா என்று உன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒருநா வந்து என்னென்னமோ சொன்னாத்தா. எனக்கு ஒன்னும் வெளங்கல. வேண்டாம்ங்கறது மட்டும் வெளங்குச்சு" என்றார். அம்மாவிடம் சொன்னதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிவேதாவைக் கூப்பிட்டேன். குரல் சின்னப் பெண்ணாக இருந்தது. என் முகவரி எப்படிக் கிடைத்தது, குழுவில் எத்தனை பேர், இதில் யாருக்கு என்ன லாபம் என்று நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு, "எழுதுனவங்க மனசுலயும் இதுதானுங்க அக்கா இருந்திருக்கும். ஜோமோன் மழையில நனைஞ்சுட்டு அவளுக்குக் குடை குடுப்பாரே, ஞாபகம் இருக்குங்களா?" என்றாள்.

குடை கொடுத்தால் கல்யாணமா, எங்கள் ஸ்டோர் வாட்ச்மேன் மழைக்காலம் முழுக்க எனக்குக் குடை பிடிக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாஸ்வேர்டு கிடையாது என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது: அவர்கள் வேறு பக்கத்தில் போட்டுக்கொண்டால் என்னால் என்ன செய்ய முடியும்? குறுக்கே போய் நிற்க அங்கே வாசலா இருக்கிறது?

வேலை முடிந்து கிளம்பும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. "கோவிச்சுக்காதீங்க அக்கா. நானும் செல்வராணி மாதிரிதானுங்க. யார் மேலயும் எதுவும் வர்றதில்ல. வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க. அவளுக்கே கடைசில ஆசை வந்துருச்சுன்னு எழுதிட்டா, எனக்கும் வந்துரும்னு ஒரு நம்பிக்கைங்க."

திரும்பத் திரும்பப் படித்தேன். பாஸ்வேர்டுக்காக நாடகம் ஆடுகிறாளோ என்றுதான் முதலில் புத்தி போனது. சாயக் காய் என்றால் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும், மனுஷர் பேச்சை எதில் போட்டுப் பார்ப்பது? அம்மாவிடம் சொன்னாயா என்று அவளிடம் கேட்டேன். சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்று பதில் வந்தது.

அவள் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும், உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பாஸ்வேர்டும், உன் அம்மா சொன்ன அந்த வாக்கியமும்தான். முதலாவதை யாருக்கும் தரமாட்டேன். செல்வராணி நீ விட்ட இடத்திலேயே, ஜோமோனோடு சண்டை போட்டபடி இருக்கட்டும். இரண்டாவதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். வாழைக் கன்று வந்ததையும், உன் அம்மா கயிற்றை வாங்கியதையும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதினேன்: "புரியாட்டியும் சொல்லி வையி ஆத்தா. வேண்டாம்ங்கறது மட்டும் புரிஞ்சாப் போதும்."

படித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. இன்னும் பதில் இல்லை. நீ சொன்ன அன்றைக்கு உன் அம்மாவும் பதில் ஒன்றும் சொல்லவில்லையாம்.