கேப் போடாத பல்

29 நவம்பர் 1988, செவ்வாய்
ரூட் கெனால் இன்றோடு முடிந்தது. முன்பல்லுக்கு அடுத்த பல். பாஷ்யம் டாக்டர், "நரம்ப எடுத்தாச்சு, இனிமே வலிக்காது. ஆனா பட்டுனு உடைஞ்சுடும். அடுத்த வாரமே வந்து மேல உறை மாதிரி கேப் போட்டுக்கோங்கோ" என்றார். வலிக்காதாம், உடையுமாம்! இது என்ன நியாயம்?

கேப் கிறிஸ்மஸ் முடிந்துதான் என்று சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி ஆலயத்தில் கீத ஆராதனை. இத்தனை வருஷம் கூட்டத்தோடு நின்று பாடியவளுக்கு முதல் தடவையாகத் தனிப்பாட்டு. புதுக் கேப்பில் நாக்குத் தட்டினால் என்ன செய்வேன்?

5 டிசம்பர்
பல் கறுத்த மாதிரி தெரிகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால், "ஏளா ஜீவமணி, நீ பல்லப் பாக்கியா, பல்லு உன்னப் பாக்குதா?" என்கிறார். இந்த சுந்தர்சிங்குக்கு எல்லாமே விளையாட்டு.

11 டிசம்பர்
முறுக்கைக் காபியில் ஊறவைத்துத் தின்றேன். எலும்புக்கறி பக்கமே போகவில்லை.

14 டிசம்பர்
கனவில் பல் விழுந்தது. பல் விழுந்தால் சாவுச் செய்தி வரும் என்பார்கள். நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா? நம்பவில்லை. ஆனாலும் பயமாத்தான் இருக்கு.

18 டிசம்பர், ஞாயிறு
போச்சு. உடஞ்சே போச்சு!

பாடகர் குழுவை நடத்தும் தேவபிரசாதம் அண்ணாச்சி, பாடப் போகுமுன் எல்லார் கையிலும் பனங்கற்கண்டு வைப்பார், தொண்டைக்கு. வருஷா வருஷம் நடப்பதுதான். நானும் பழக்கதோஷத்தில் வாயில் போட்டு ஒரு கடி. படக்! பொட்டு வலி இல்லை. அதுதான் பயம் — வலித்தாலாவது எவ்வளவு போச்சு என்று தெரியும். பல் எது, கற்கண்டு எது என்று தெரியாமல் கைக்குட்டையில் துப்பினேன்.

"அண்ணாச்சி, பல்லு போச்சு. எனக்குப் பதிலா ஞானபாயப் பாடச் சொல்லுங்க."

"பல்லா பாடப்போவுது? ஏறு தாயி."

ஏறினேன். 'ஸ்தோத்திரம்' வந்த இடமெல்லாம் விசில். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தலை.

விசில் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார் வீட்டுக்காரர். தூங்கியிருப்பார். வேர் பிளந்திருந்தால் பிடுங்கத்தான் வேண்டும்... ஆண்டவரே.

19 டிசம்பர்
வேர் பிளக்கவில்லை! உள்ளே கம்பி வைத்துக் கேப் போடலாமாம். "பாட்டுக்குப் பயந்துண்டு தள்ளிப்போட்டேள். பாட்டன்னிக்கே உடைச்சுண்டு வந்திருக்கேள்" என்று டாக்டர் ஏசினார். வாயைத் திறந்து வைத்தபடியே வாங்கிக்கொண்டேன்.

7 ஜனவரி 1989
கேப் போட்டாச்சு. அடுக்களையில் நின்று அந்த வரியைப் பாடிப் பார்த்தேன். விசில் இல்லை.

சாயங்காலம் அண்ணாச்சி ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். ஈஸ்டருக்கும் தனிப்பாட்டு நான்தானாம். பிரித்தேன். பனங்கற்கண்டு — மாவாக இடித்தது.