ஒரு ஹிட்கூட இல்லை

பக்கத்து இருக்கைக்காரர் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த உப்பு வாசனை. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை. ஆறாவது இன்னிங்ஸ் முடிந்திருந்தது. ஸ்கோர்போர்டில் எதிரணியின் ஹிட் கட்டத்தில் பூஜ்யம்.

நீ போனபிறகு இந்த பேஸ்பால் மைதானத்துக்கு நான் வருவது இதுதான் முதல் முறை.

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்த வருஷம், டெக்சாஸில் ரவுண்ட் ராக் ஊரில் ஒரே அறையில் இருந்தோம். நமக்குக் கிடைத்த கேம்பஸ் வேலை, பல்கலைக்கழகத்து பேஸ்பால் அணியின் ஸ்கோர்போர்டை இயக்குவது. கிரிக்கெட் தவிர வேறெதுவும் தெரியாத இரண்டு பேர். "அடிச்சிட்டு பேட்டைக் கீழ போட்டுட்டு ஓடுதான் பாருலே, எங்க ஊர்ல கோச் செருப்பால அடிப்பாரு" என்றாய். விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்ப மட்டும் முதல் வாரமே கற்றுக்கொண்டாய்.

ஸ்கோர்போர்டு அறையில் மைக் பிடித்து அறிவிப்பு செய்த ரான், ஒருகாலத்தில் இந்த அணிக்கு ஆடியவர். இடைவேளைகளில் அணியின் கதையைச் சொல்வார். மாட்டுச் சந்தைத் திடலில் தொடங்கிய அணி. போர்க்காலத்தில் ஆளில்லாமல் நின்றுபோய், ஃபுட்பால் அணியிடம் சட்டை இரவல் வாங்கி மறுபடி தொடங்கியது. புயல் ஒருமுறை கேலரிக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தால் அது ஹிட். இத்தனை காலத்தில் இந்த அணியில் பந்தெறியும் எந்தப் பிட்சரும் எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்ததில்லை. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. எட்டாவது இன்னிங்ஸ். அறை அமைதியாகிக்கொண்டே வந்தது. ஏனென்று நமக்குத் தெரியவில்லை. நீ கைதட்டிக் கத்தினாய்: "ரான் அங்கிள், நோ ஹிட்ஸ்! ஹிஸ்டரி!"

எல்லாரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள். அடுத்த பந்தை எதிரணிக்காரன் நடுவே அடித்தான். ஹிட்.

"அது நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அதைச் சொல்லமாட்டோம்" என்றார் ரான். கோபம்கூட இல்லை. களைத்த குரல்.

வீடு திரும்பும்போது நான் சிரித்தேன். "கண்ணு வச்சிட்டியே மச்சி."

"சிரிக்காதலே. எங்கம்மாவும் இதத்தான் சொல்லுவா. நல்லதோ கெட்டதோ, வாயால சொல்லாத."

அதன்பின் நீ எதையும் சொல்லவில்லை. இன்டர்வியூவை, வேலையை, ஹெச்-1பி விசா லாட்டரியில் பெயர் வந்ததை. எல்லாம் காகிதம் கைக்கு வந்தபின்தான். ஒரு காலை, சமையலறையில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றாய்.

"என்னடா, வலிக்குதா?"

"சொல்லாதலே. சொன்னா வந்துரும்."

கார் சாவியை எடுத்துக்கொண்டு போனாய். ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள்ளேயே உன்னைக் கண்டார்கள். வலி சில வாரங்களாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

இன்று, ஒன்பதாவது இன்னிங்ஸ். இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் போதும். கேலரியில் பேச்சில்லை. யாரும் சொல்லாமல் இது நடந்துவிட்டால், அன்று கெடுத்தது உன் வாய்தான் என்று ஆகிவிடும். நான் சொல்லி, இதுவும் கெட்டுப்போனால்? அப்போது நீ பயந்தது சரி. வலியை மறைத்ததும் சரி. இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியாது.

அடித்த பந்து உயரப் போனது. இடப்பக்கம், வெயிலுக்குள்.

"ஒரு ஹிட்கூட இல்லை" என்றேன். சத்தமாக.

"வாட்?" என்றார் விதைக்காரர்.

"நோ ஹிட்ஸ்."

அவர் முகம் வெளுத்தது. இடப்பக்கத்துப் பையன் பின்னால் போனான், இன்னும் பின்னால், வேலிவரை. கையுறையை நீட்டினான்.

பிடித்துவிட்டான்.

விதைக்காரர் என்னைக் கட்டிக்கொண்டு குலுக்கினார். ஒலிபெருக்கியில் ரானின் மூச்சு மட்டும் கேட்டது. பையன்கள் குவியலாக விழுந்துகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று ஒருவன் நன்றாக அடித்தான், அவ்வளவுதான் நடந்தது. இதை உன்னிடம் சொல்ல முடிந்திருந்தால்.

யாராவது நெஞ்சில் கை வைத்தால், சட்டைப் பித்தானைச் சரிசெய்யத்தான் வைத்தார்கள் என்றாலும், இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன். வலிக்குதா? ஆபீஸில் சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை நான் நகர்வதில்லை.