ஏழாம் நம்பர் வீட்டு ஜன்னல்

1982 அக்டோபர் 11, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். தூறலுக்குப் பின் வெயில் வந்தால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் காய்ந்துவிடும். வானத்தை யாரும் திட்ட மாட்டார்கள். துடைத்தவனைத்தான்.

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம். எல்லாக் கடைக்காரர்களுக்கும் கடையில் கண்ணாடி இருப்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஒத்துக்கொண்டவை:

பெரம்பலூர் ஜவுளிக்கடை. முன்பக்கம் முழுவதும், ஷோகேஸ் உள்ளும் புறமும்.
போட்டோ ஸ்டூடியோ.
மருந்துக்கடை. (இந்த டைரி அந்த முதலாளி ஜனவரியில் கொடுத்தது. எழுதத் தோன்ற அக்டோபர் ஆகியிருக்கிறது.)
பேங்க், மாடி ஜன்னல் பதினொன்று.
அரியலூர் சிமெண்ட் ஆலை குவார்ட்டர்ஸ், பன்னிரண்டு வீடு.
வரதராஜன்பேட்டைப் பள்ளிக்கூடம்? ஆள் வந்து கேட்டார். சரி என்றேன். எந்தக் கிழமை என்று சொன்னேன், நினைவில்லை.

தனம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏங்க, முடியாதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரவே வராதா?" என்றாள். வராது. ஆடி மாதம் இருபது நாள் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம். வேலை இல்லாவிட்டால் பயம், இருந்தால் எரிச்சல். இதில் எது என் சுபாவம் என்று எனக்கே தெரியவில்லை.

12, செவ்வாய்

ஜவுளிக்கடை பாதி. ஏணியை அங்கேயே சாத்தி வைத்தேன். மீதி நாளை என்றேன். நாளை பேங்க் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம்.

எட்டு வருஷம் பஸ்ஸில் கிளீனர். டிரைவர் சொல்வார், செய்வேன். இப்போது நானே சொல்லி நானே செய்ய வேண்டும். சொல்கிற செல்வராசு ஒழுங்காகத்தான் சொல்கிறான். செய்கிற செல்வராசுதான் சரியில்லை.

தொழில் தொடங்கிய முதல் மாதம் குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா கத்தினார்: "ஜன்னல் தொடைக்க வந்தியா, வூட்டை வேடிக்கை பாக்க வந்தியா?" அன்று எடுத்துக்கொண்ட சட்டம். கண் கண்ணாடி மேல்தான். அதற்கு அப்பால் என்ன இருந்தாலும் பார்க்கக் கூடாது. ஐந்து வருஷம் காப்பாற்றி வந்திருக்கிறேன். அதனால்தான் என்னை நம்பிப் படுக்கையறை ஜன்னல்வரை விடுகிறார்கள்.

14, வியாழன்

முதல் பஸ்ஸில் அரியலூர். குவார்ட்டர்ஸுக்கென்று வைத்திருக்கும் இன்னொரு ஏணி அங்கே டீக்கடையிலேயே கிடக்கிறது, நல்லதாகப் போயிற்று. பகல் பஸ்ஸைப் பிடித்து, நேற்று மழையால் தள்ளிப்போன பேங்க், நாலு மணிக்கு ஸ்டூடியோ. அதனால் ஓட்டம். ஏழு வீடு முடித்தேன். சிமெண்ட் தூசி ஈரத்தில் இறுகிக்கிடக்கிறது. கண்ணாடியில் தண்ணீரை வழிக்க, சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையில் ஆணியடித்து வைத்திருக்கும் தள்ளி இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. ஒரு வாரத்தில் மறுபடியும் இதே தூசி. எதற்குத் துடைக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்ற விட்டால் கை நின்றுவிடும்.

ஏழாம் நம்பர் ஹாலில் பெரியவர் ஒன்பது மணிக்கே நாற்காலியில் தூக்கம். கொடுத்துவைத்தவர்.

பேங்க்குக்குப் போனால் கதவை மூடிவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர், "பூஜை முடிஞ்சப்புறம் வருவீங்களோன்னு நெனச்சோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுட்டது.

16, சனி

குவார்ட்டர்ஸில் மீதி ஐந்து வீடு. வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது வாட்ச்மேன் சொன்னார்:

"ஏழாம் நம்பர் பெரியவரைத் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. தெரியுமா?"

"என்னாச்சுங்க?"

"வலது பக்கம் பூரா இழுத்துக்கிச்சு. பேச்சு வரல. வியாழக்கெழம மருமக மார்க்கெட் போயிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்பி வந்துதான் பாத்திருக்கு. எப்போலேருந்து அப்படிக் கெடந்தாரோ."

வாளி நிரம்பி வழிந்து காலெல்லாம் தண்ணீர்.

எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு அப்படித்தான் கிடந்தார்.

ஐந்து வீட்டையும் துடைத்தேனா, எப்படித் துடைத்தேன், தெரியாது. யாரும் குறை சொல்லவில்லை.

17, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

18, திங்கள்

எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை. வாளியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

திரும்பத் திரும்ப அந்த ஜன்னல். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. வலது கை கீழே தொங்கியது. மூக்குக்கண்ணாடி தரையில் கிடந்ததா? கிடந்தது என்று இப்போது தெரிகிறது. அன்று பார்த்தேனா, கேள்விப்பட்ட பிறகு நானாகத் தரையில் போட்டுக்கொண்டேனா? எவ்வளவு யோசிக்கிறேனோ அவ்வளவு குழம்புகிறது.

தனத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "தூங்குறவங்களை யாராவது எழுப்புவாங்களா? நீங்க என்ன டாக்டரா? போயி வேலையைப் பாருங்க." சரிதான் என்று கொஞ்ச நேரம் இருந்தது. மத்தியானம் சாப்பாடு போடும்போது மெதுவாகக் கேட்டாள்:

"கண்ணு மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

தட்டோடு எழுந்துவிட்டேன். பாதி திறந்திருந்தது. இதை எங்கும் எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

20, புதன்

மழை இல்லை, புழுக்கம். ஜவுளிக்கடை முதலாளியே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "ஏணியைக் கடையில சாத்திட்டு ஆளு ஒரு வாரமாக் காணோம். ஜனங்க ஏணியைச் சுத்திக்கிட்டு உள்ள வருது. இதென்ன தொழிலு?" தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். போனேன்.

வேலைக்கு முன்னால் மலைப்பு. அவ்வளவு பெரிய முன்பக்கம். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: கடையைத் துடைக்காதே, இந்த ஒரு கண்ணாடியைத் துடை. முடிந்ததும், அடுத்தது. மத்தியானம் வரை இந்த ஏமாற்று ஓடியது.

ஆனால் கண் கண்ணாடியில் நிற்க மறுக்கிறது. உள்ளே போகிறது. ஜாக்கெட் துணி கிழிக்கும் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது, ஏன்? கணக்கப்பிள்ளை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறார், ஏன்? அந்தப் பெண் வெளியே வந்து, "என்னண்ணே, உத்து உத்துப் பாக்குறீங்க?" என்றது. சிரிப்பில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஐந்து வருஷச் சட்டம் போயிற்று. பார்த்தாலும் தப்பு, பார்க்காவிட்டாலும் தப்பு என்றால் ஜன்னலில் நான் எப்படித்தான் நிற்பது?

22, வெள்ளி

இரண்டு காரியம்.

1) வரதராஜன்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கார்டு: பூஜைக்கு முன் முடியாது, மன்னிக்கவும். விலாசம் தனம் எழுதினாள், என் கை ஓடவில்லை.
2) பேங்க் மேனேஜரிடம் நேரில்: "சார், அவசரத்துல செஞ்சா சரியா வராது. பூஜை கழிச்சு வரேன்." அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி, வாங்க" என்றார்.

இவ்வளவுதானா? இதற்குத்தான் ஐந்து வருஷமாகப் பயந்தேனா? சந்தோஷப்பட வேண்டிய இடம். எரிச்சல்தான் வந்தது. போன வாரமே இந்த வார்த்தை வாயில் வந்திருந்தால் வியாழக்கிழமை ஓடியிருக்க மாட்டேன். ஓடாமல் இருந்திருந்தால் நின்று பார்த்திருப்பேனா? அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

23, சனி

போன சனிக்கிழமை அரைகுறையாகத் துடைத்த ஐந்து வீட்டை மறுபடி துடைக்க அரியலூர். டீக்கடையில் ஏணி எடுக்கும்போதே சொன்னார்கள், பெரியவரை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்களாம். பெஞ்சில் ஒருவர்: "பொழச்சது பெரிசு." இன்னொருவர்: "பொழச்சு என்னத்துக்கு?" டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வாட்ச்மேன் கேட்டிலேயே பிடித்தார். "ஏழாம் நம்பர் அம்மா உங்களைத் தேடிச்சு. ரெண்டு தடவை கேட்டுடுச்சு."

போனேன். பெரியவரின் மருமகள்தான். இளைத்துப்போயிருக்கிறார். தலை வாரவில்லை. கதவைப் பின்னால் சாத்திவிட்டு வாசலில் நின்று, தாழ்ந்த குரலில்:

"செல்வராசு, அன்னிக்கு வியாழக்கெழம நீங்க ஹால் ஜன்னல் தொடைச்சீங்களா?"

"இல்லைங்கம்மா. பின்பக்கம் மட்டுந்தான். நேரமாயிடுச்சு."

இரண்டு நாள் ஒத்திகை பார்த்த மாதிரி வந்தது பொய்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, போங்க" என்றார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா? ஏமாற்றம் என்றுதான் படுகிறது. நான் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு என்ன ஏமாற்றம்?

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

24, ஞாயிறு

தனம்: "பொய் சொல்லிட்டு வந்து இப்படிச் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே ஒக்காந்திருந்தா எப்படி? ஒண்ணு மறந்துடுங்க, இல்ல போயிச் சொல்லிடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னா வேலையும் ஓடாது, தூக்கமும் வராது."

சொன்னால் குவார்ட்டர்ஸே போய்விடும். பன்னிரண்டு வீடு. அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்கிறாள். மறப்பதற்கு முயன்று பார்த்தேன். மாலைவரை முடியவில்லை.

25, திங்கள்

நாளை பூஜை. கடைகளெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிட்டன, மருந்துக்கடை மட்டும் மாலைக்குள் முடிக்க வேண்டும். காலை பஸ்ஸில் அரியலூர். வாளி மட்டும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியாது, வெறும் கையோடு போகக் கூச்சம்.

பெரியவரின் மகன், சார், ஆலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா மட்டும். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்பது மணி. நாற்காலி. தொங்கிய கை. பாதி திறந்த கண். தூக்கம் என்று நினைத்தது. சனிக்கிழமை சொன்ன பொய்.

கத்துவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். நிமிர்ந்தால் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நானும் பாத்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எட்டரை மணிக்கு. காபி கொண்டுபோனேன். தலை சாஞ்சிருந்துச்சு. தூங்குறாருன்னு நெனச்சேன். எழுப்புனா பேச ஆரம்பிச்சிடுவாரு, மார்க்கெட்டுக்கு நேரமாயிடும்னு காபியைப் பக்கத்துல வெச்சுட்டுச் சத்தம் போடாம கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்."

படியில் இருந்த தூசியைக் கையால் தள்ளிவிட்டு:

"நீங்க பாத்திருந்தா, ஒம்பது மணிக்கு நல்லாத்தான் முழிச்சிருந்தாருன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்படின்னா நான் போனப்புறம் வந்ததுன்னு ஆகும்ல. அதுக்குத்தான் உங்களைத் தேடுனேன்."

"சாருகிட்ட சொன்னீங்களாம்மா?"

"இல்ல."

நான் சொன்ன உண்மை யாருக்கு உதவியது? என் பாரத்தை இறக்க வந்தேன். அவருக்கு மிச்சம் இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டேன். சனிக்கிழமை பொய்யையே வைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது இன்னும் பெரிய பொய்யாக, முழித்திருந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார் என்று சொல்லியிருக்கலாம். அவரைப் பார்த்து, "நான் வேணும்னா..." என்று தொடங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினார். "வேணாம். இப்ப ஒருத்தருக்காவது தெரியுதுல்ல" என்றார்.

நல்லதாகச் சொன்னாரா, கோபமாகவா, இப்போதும் தெரியவில்லை.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவரைப் பாத்துக்குற ஆள் இன்னிக்கு வரல. அவரை நாற்காலியில ஒக்கார வெக்கணும், என்னால தனியா முடியல. கொஞ்சம் உள்ள வரீங்களா?"

ஐந்து வருஷத்தில் அந்த வீட்டுக் கதவு வழியாக நுழைந்தது இன்றுதான். கால் கழுவிக்கொண்டு போனேன். பெரியவர் கட்டிலில். என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பார்க்க ஒல்லி, ஆனால் அவ்வளவு கனம். நாற்காலியில் இருத்தி, வலது கையை எடுத்து மடியில் வைத்தேன். நிமிரப் போனால் இடது கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

ஏதோ சொல்ல வாய் கோணியது. சத்தம் மட்டும் வந்தது. கேள்வியா, திட்டா, தண்ணீரா? அந்த அம்மாவைப் பார்த்தேன். "எங்களுக்கும் புரியறதில்ல" என்றார்.

மருந்துக்கடைக்குப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கையை விலக்கினால் வந்துவிடும், அவ்வளவு பலமில்லை. விலக்கவில்லை. குனிந்தபடியே, "சொல்லுங்கய்யா" என்றேன். மறுபடி அதே சத்தம். "சொல்லுங்க, இருக்கேன்" என்றேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டில் போனது. அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.